கீழே பார்க்காத தலைவர்

அவர் கீழே பார்த்து நான் கண்டதில்லை. நடக்கும்போதும் இல்லை, சாப்பிடும்போதும் இல்லை. யாரோ மாடியிலிருந்து கூப்பிட்டதுபோல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் எங்கேயும் போவார். கழுத்தில் ஏதோ கோளாறு இருக்கும் என்று ஆரம்பத்தில் நினைத்துப் பாவப்பட்டேன். அவருடைய டிரைவர்தான் விஷயத்தைச் சொன்னார். போட்டோவில் தாடைக்குக் கீழே மடிப்பு விழாமல் இருக்க ஸ்டுடியோக்காரர் ஒருவர் சொல்லிக் கொடுத்த வழியாம் அது. போட்டோ எடுத்து முடித்த பிறகும் முகம் அப்படியே நின்றுவிட்டது.

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து பூதலூர் போகும் சாலையில் அவருடைய மாடி வீடு இருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் அவர் நிலம். அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிட வேண்டும். எதற்குத் தலைவர் என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. விளையாட்டுச் சங்கம் ஒன்றை அவரே தொடங்கி, அவரே தலைவராகி, அவர் வீட்டு வாசலிலேயே போர்டு மாட்டியிருந்தார். சங்கத்தில் வேறு யார் யார் இருந்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வேட்டிக்குக் கீழே, பந்து விளையாடுகிறவர்கள் போடும் வெள்ளை ஷூ போட்டிருப்பார். அதை வைத்துத்தான் அவர் விளையாட்டுக்காரர் என்று நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தை மாதம் எங்கள் பக்கத்துச் சாலைகளில் பாதிக்கு மேல் நெல் காயும். பஸ்கூட ஓரம் ஒதுங்கிப் போகும். அக்கா ஒருநாள் நெல்லைப் பரப்பிவிட்டு காலால் கிளறிக்கொண்டிருந்தாள். அவர் காலை நடை வந்தார். ஓரமாகப் போக நிறைய இடம் இருந்தது. நடுவில் நடந்தார். ஷூ போட்ட காலோடு, நெல்லின் மேல், நேராக.

அக்கா, "ஐயா, நெல்லு" என்றாள்.

"ஆமாமா, நல்லா வெளஞ்சிருக்கு" என்று எதிரே வந்த பஸ்ஸைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். அவர் போன வழியில் நெல் ஒதுங்கித் தார் தெரிந்தது. அக்கா அதைக் காலால் மூடினாள்.

டிரைவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "ரோட்டப் பாக்குறதுக்குத்தானே எனக்குச் சம்பளம். ஐயா ஆகாசத்தப் பாத்துக்குவாரு" என்றார்.

திருக்கடையூரில் அவருக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. வாழை இலைக் கட்டுகளை இறக்கிவைக்க என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தாலி கட்டும் நேரம் அவர் கையில் கயிறு இருந்தது, கண் கேமராவில் இருந்தது. அவர் மனைவி, அந்த அம்மா, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"செத்த இங்க பாத்துக் கட்டுங்க" என்றார் அந்த அம்மா மெதுவாக.

"அவன் அங்க பாக்கச் சொல்றான்" என்றார் இவர்.

முடிச்சு பூச்சரத்தோடு சேர்ந்து விழுந்துவிட்டது. அந்த அம்மா எழுந்தபோது தாலியோடு மல்லிகைச் சரமும் இழுபட்டு வந்தது. அந்த அம்மாவின் தங்கை வந்து பல்லால் கடித்துப் பிரித்தார். போட்டோ நன்றாக வந்திருந்தது என்று சொன்னார்கள்.

அவர் ஒருமுறை மலேசியா போயிருந்தார். அங்கே ஆசிய நாட்டு அணிகளை அழைத்து ஒரு பெரிய கால்பந்துப் போட்டி நடந்ததாம். சொந்தக்காரர் ஒருவர் அதற்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்தக் கதையை அவர் வாயால் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். மெத்தை வைத்த நாற்காலி வரும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர் வருவார். இடைவேளையில் கொடுத்த டீ வரும். விளக்கு வெளிச்சம் வரும். பந்து மட்டும் வராது.

"யாருங்க ஜெயிச்சது?" என்று டிரைவர் ஒருமுறை கேட்டார்.

"அதெல்லாம் யாருக்குப்பா ஞாபகம் இருக்கு? கூட்டம்னா கூட்டம், அப்படி ஒரு கூட்டம்" என்றார்.

அந்த மலேசிய நாற்காலியிலிருந்து எழுந்து வந்தவர்தான் எங்கள் ஊரிலும் அப்படி ஒரு போட்டி நடத்துவது என்று முடிவு செய்தார். நேபாளம், வங்கதேசம், இலங்கை, மலேசியா. நான்கு அணிகள். அந்தந்த நாட்டுச் சின்ன ஊர்களில் விளையாடுகிற கிளப் பையன்கள்தான். ஆனால் பேனரில் கிளப்பின் பெயர் இல்லை, நாட்டின் பெயர் மட்டும் இருந்தது. ஆசிய நாடுகள் அழைப்புக் கால்பந்துப் போட்டி என்று கொட்டை எழுத்து. நடுவில் இவர் ஒரு பந்தின் மேல் கால் வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்கு கொடிகளும் அவர் ஷூவுக்குக் கீழே வரிசையாக இருந்தன. நேபாளத்துக் கொடி மற்றவைபோல் இருக்காது, முக்கோணம் முக்கோணமாக இருக்கும். இவர் பேனர் கடைக்காரரிடம், "இது ஒண்ணு மட்டும் கிழிஞ்ச மாதிரி இருக்கு, மத்ததோட சேத்து நேராக்குப்பா" என்று சொல்லியிருக்கிறார். கடைக்காரரும் இழுத்துச் சதுரமாக்கிவிட்டார். அந்தப் பையன்கள் வந்து இறங்கியதும் முதலில் பார்த்தது அதைத்தான். ஒருவனுக்கொருவன் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். சிரித்தார்களா, வருத்தப்பட்டார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் வந்து இறங்கியதுகூட ஒருமுறை அல்ல. திருச்சி விமான நிலையத்திலிருந்து வேனில் வந்தார்கள். மாலையெல்லாம் போட்டாயிற்று. அப்போதுதான் வீடியோக்காரர் வந்து சேர்ந்தார். இவர் மாலைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பையன்களை வேனில் ஏற்றி, பூதலூர் ரயில்வே கேட் வரை போய்விட்டு மறுபடி வரச் சொன்னார். இரவெல்லாம் பயணம் செய்த பையன்கள். திரும்பி வந்து இறங்கியபோது ஒருவன் கொட்டாவி விட்டான். வீடியோவில் அது இருக்கிறது.

இதில் எங்கள் பங்கைச் சொல்ல வேண்டும். சாலையை ஒட்டிய அவருடைய வயலை அக்காதான் குத்தகைக்குச் செய்தாள். அத்தான் செத்துப்போன பிறகும் விடாமல் செய்தாள். எழுத்து எதுவும் கிடையாது, வாய்ப் பேச்சுதான். எங்கள் பக்கத்து வழக்கப்படி நெல்லில்தான் குத்தகை. நெல் முடிந்ததும் வருகிற உளுந்து முழுக்கப் பயிர் செய்தவருக்கு. நில உடைமைக்காரர் அதைக் கேட்கமாட்டார். அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்குப் போக நெல்லில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. கல்யாணமாகிப் போன மகளுக்கு எடுக்கும் சேலை, வீட்டுக்குப் போடும் கீற்று, வாங்கும் ஆட்டுக்குட்டி, எல்லாம் அந்த உளுந்துதான். அவளுடையது என்று அவள் சொல்லக்கூடியது வருடத்தில் அது ஒன்றுதான்.

உளுந்தை எப்படி விதைப்போம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. அறுப்புக்குக் கொஞ்ச நாள் முன்னால், சம்பா நெல் நிற்கும்போதே, ஈரம் காய்வதற்குள் வயலில் இறங்கித் தெளித்துவிடுவோம். நெல் நிழலிலேயே அது முளைக்கும். அப்புறம் அறுப்பு மெஷின் வரும். பெல்ட்டில் கொஞ்சம் நசுங்கும், மிச்சம் எழுந்துவிடும். அறுத்த வயலைத் தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் தாள், அறுத்த நெல்லின் அடிக்கட்டை, தெரியும். குனிந்து பார்த்தால்தான் தாளுக்கு இடையில் இரண்டு இலையோடு பயிர் தெரியும்.

இவருக்குத் தாள் மட்டும் தெரிந்தது.

முதல் ஆட்டங்கள் எல்லாம் பள்ளி மைதானத்தில் என்று ஏற்பாடு. இறுதிப் போட்டியை மட்டும் தன் வயலில் நடத்த வேண்டும் என்றார். பள்ளியில் மேடை மதில் சுவரைப் பார்த்து இருந்தது, சாலையில் போகிறவர்களுக்குத் தெரியாது. தலைமையாசிரியர் முதலில் பேசுவேன் என்று வேறு சொல்லியிருந்தார். வயல் என்றால் சாலையில் போகிற பஸ்ஸெல்லாம் நின்று பார்க்கும். "என் மண்ணுல நடக்கணும்ப்பா" என்றார். தாளை வெட்டி, ரோடு போடுகிற ரோலரை விட்டு உருட்டிவிட்டால் மைதானம் தயார் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அல்லது அவரே சொல்லிக்கொண்டாரோ என்னவோ.

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. தனியாக இருக்கும்போது சொல்லிவிடலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன்.

"ஐயா, அந்த வயல்ல வந்து..."

"சொல்லுப்பா. லைன் போடுறதுக்குச் சுண்ணாம்பு எவ்வளவு வேணும்?"

"சுண்ணாம்பு இல்லீங்க. அக்கா வந்து..."

"அக்காவையும் கூட்டிக்க. ஆள் எத்தனை வந்தாலும் நல்லதுதான்" என்றார். எனக்குப் பின்னால் சுவரில் கண்ணாடி இருந்தது. அதில் தன் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

மறுநாள் அக்காவே போனாள். அவளுக்குப் பேச வரும்.

"உளுந்து தெளிச்சு மொளச்சு நிக்குதுங்க. ரோலர் விட்டா ஒண்ணும் மிஞ்சாது."

"எங்க இருக்கு? நான் நேத்துகூட ரோட்டுல போனேனே. ஒண்ணையும் காணும்."

"கீழ பாத்தா தெரியுங்க."

"இங்க பாரும்மா. கிராம ஆபீஸ் அடங்கல்ல அந்த வயலுக்குச் சம்பான்னுதான் எழுதியிருக்கு. சம்பா அறுத்தாச்சு. இனிமே அது சும்மாக் கெடக்குற தரிசு. ஏஷியாவே வந்து நம்மூர்ல விளையாடப் போவுது, நீ உளுந்து உளுந்துங்கிறியே." அவ்வளவும் அவள் தலைக்கு மேலே இருந்த நிலைப்படியைப் பார்த்துத்தான் சொன்னார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம், போ."

அக்கா அதற்குமேல் பேசவில்லை. பேசினால் ஆடியில் குத்தகை பேசும்போது வயல் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வரும் வழியில், "கண்ணு தெரியாதவருன்னா கையப் புடிச்சிக் காட்டலாம்" என்று மட்டும் சொன்னாள்.

அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கெட்டவருக்கு எதிரில் நிற்கிற ஆள் கண்ணுக்குத் தெரியும். கெடுதல் செய்யவாவது பார்ப்பார். இவர் அந்த அளவுக்குக்கூட யாரையும் மதித்ததில்லை.

பள்ளி மைதானத்தில் கோடு போடுகிற வேலை எனக்கு வந்தது. எப்படிப் போடுவது என்று சொல்லிக் கொடுத்தவர் பாய். திருக்காட்டுப்பள்ளியில் செல்போன் கடை வைத்திருந்தார். இளவயதில் நன்றாகப் பந்து விளையாடியவர். சவுதியில் பல வருடம் இருந்ததால் இந்தி பேசுவார். அதனால் அந்தப் போட்டியில் நடுவரும் அவரே, வெளிநாட்டுப் பையன்களுக்கு மொழி சொல்கிறவரும் அவரே. தலைவர் மைக்கில் பேசும்போதெல்லாம் பாய் என் பக்கத்தில் வந்து நின்று விசிலைத் துடைப்பார். "தம்பி, இவரு முடிக்கிறதுக்குள்ள நம்ம போட்ட கோடே காத்துல போயிரும்" என்பார்.

ஆட்டம் நன்றாக இருந்தது. கோட்டுக்கு ஓரமாக நின்று பார்த்தவன் நான். நேபாளத்துக் கேப்டன் குட்டையாக, கெட்டியாக இருந்தான். பந்தை அதட்டாமல் கொண்டுபோவான். வங்கதேசத்துக் கேப்டன் நெட்டை. விழுந்தவர்களை எல்லாம், எந்த அணியாக இருந்தாலும், கை கொடுத்துத் தூக்கிவிட்டுத்தான் ஓடுவான். இவர்கள் இரண்டு பேருடைய அணிகளும்தான் இறுதிப் போட்டிக்கு வந்தன. மேடையில் தலைவர் ஒவ்வொரு விருந்தாளிக்கும் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார். போர்த்தியதும் அவர்கள் அதை எடுத்து நாற்காலியில் போடுவார்கள். டிரைவர் பின்னால் வந்து மடித்து எடுத்து அடுத்த விருந்தாளிக்கு நீட்டுவார். ஒரே சால்வை ஒரு மாலையில் பல தோள்களைப் பார்த்தது.

இறுதிப் போட்டிக்கு முந்திய நாள் மதியம் இரண்டு அணிகளையும் வயலுக்குக் கூட்டி வந்தார். மைதானத்தைப் பார்வையிடும் நிகழ்ச்சி என்று பெயர். வயலின் ஒரு மூலையில் மேடை போட்டுவிட்டிருந்தார்கள். அந்த இடத்துப் பயிர் போனது போனதுதான். சாலை ஓரத்தில் ரோலர் வந்து நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. போட்டோ எடுத்து முடிந்ததும் இறக்க வேண்டும் என்று உத்தரவு. அக்கா வரப்பில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அரிவாளோடு நின்றேன். தாள் வெட்ட வேண்டியவன் நான்தான்.

தலைவர் வயலின் நடுவுக்குப் போனார். இரண்டு கேப்டன்களையும் இரண்டு பக்கத்தில் நிறுத்தினார். அவர்கள் கைகளைப் பிடித்து மேலே தூக்கினார். பின்னால் மற்ற பையன்கள். போட்டோக்காரர் மேடை மேல் ஏறிக்கொண்டு, "மேல பாருங்க, எல்லாரும் மேல பாருங்க" என்று கத்தினார். எல்லோரும் பார்த்தார்கள். நேபாளத்துக் கேப்டன் மட்டும் கீழே பார்த்தான். பூட்ஸின் ஆணிகளுக்குக் கீழே ஏதோ மெத்தென்று பட்டிருக்க வேண்டும்.

அவன் கையை உருவிக்கொண்டு உட்கார்ந்தான். தாளை விரலால் விலக்கினான். நிமிராமலே வங்கதேசத்துக் கேப்டனிடம் ஏதோ சொன்னான். அந்த நெட்டைப் பையனும் கையை விடுவித்துக்கொண்டு குந்தினான். அப்புறம் பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக. கொஞ்ச நேரத்தில் அந்த வயலில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றவர் இவர் ஒருவர்தான். கைகளில் யாருடைய கையும் இல்லை. முகம் கேமராவைப் பார்த்தபடியே இருந்தது.

"என்ன, பாம்பா?" என்றார்.

பாய் அவர்களிடம் கேட்டுவிட்டு வந்தார். "பாம்பு இல்ல தலைவரே. பயிரு இருக்காம். இதுல விளையாட மாட்டோங்கிறாங்க."

"என்ன பயிரு? நாளைக்கு மினிஸ்டர் ஆளுங்க வர்றாங்க பாய். ரோலர் விட்டா எல்லாம் சமமாயிரும்னு சொல்லுங்க."

"சொன்னேன். அதுக்குத்தான் மாட்டோங்கிறாங்க."

நேபாளத்துக் கேப்டன் பாயிடம் ஏதோ கேட்டான். வயல் யாருடையது என்று கேட்டிருக்கிறான். பாய் தலைவரைக் காட்டினார். அவன் தலையை ஆட்டிவிட்டு இன்னொன்று கேட்டான். "வெதச்சது யாருன்னு கேக்குறான். யாரு தம்பி?" என்று பாய் என் பக்கம் திரும்பினார். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அரிவாளை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வரப்பில் இருந்த அக்காவைக் காட்டினேன்.

அவன் பூட்ஸைக் கழற்றினான். அதைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். கையில் எடுத்துக்கொண்டு, கால் வைக்கும் இடம் பார்த்துப் பார்த்து, ஒருவர் பின் ஒருவராக வரப்புக்கு வந்தார்கள். அக்கா எழுந்து நின்றாள். அவன் அவளுக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஏதோ சொன்னான்.

"அவங்க ஊர்லயும் நெல்லு நிக்கும்போதே தெளிச்சிருவாங்களாம்" என்றார் பாய். "அங்க மைசூர் பருப்பாம். இந்த நெட்டப் பையன் ஊர்ல வேற ஏதோ பருப்பு சொல்றான், எனக்குப் பேரு புரியல."

"அறுப்பு மெஷினா, ஆள் அறுப்பா?" என்றாள் அக்கா.

பாய் கேட்டுச் சொன்னார். "ஆளுதானாம்."

"அப்ப நசுங்காது. நல்லா வரும்" என்றாள் அக்கா. அவனும் ஏதோ புரிந்ததுபோலத் தலையை ஆட்டினான்.

ரோலர்க்காரர் சாலையிலிருந்து, "அப்ப வேலை இல்லீங்களா?" என்று கேட்டார். அவர் என்ஜினை நிறுத்தினார். அப்போதுதான் எவ்வளவு சத்தமாக இருந்தது என்று தெரிந்தது.

இதுவரை நடந்ததைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. அடுத்து நடந்ததுதான். தலைவர் கொஞ்ச நேரம் தனியாக வயலில் நின்றார். அவர் மனதில் என்ன ஓடியது என்று அவர் முகத்தில் தெரியாது, முகம்தான் மேலே இருக்கிறதே. பிறகு மேடைக்குப் போனார். வந்த வழியே, பயிரின் மேலேயே போனார். மைக்கைப் பிடித்தார். "விவசாயி வயித்துல அடிச்சு ஒரு போட்டி நமக்கு வேணுமா? வேண்டாம். இந்தத் தலைவன் இருக்குறவரைக்கும் இந்த மண்ணுல ஒரு பயிர மிதிக்க விடமாட்டேன். இறுதிப் போட்டி பள்ளி மைதானத்துக்கு மாத்தப்படுது" என்றார். கூட வந்தவர்கள் கை தட்டினார்கள். பாய் விசிலைத் துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் பள்ளி மைதானத்தில் பேச்சுகள் முடிந்து பந்து உருளும்போது வெயில் இறங்கிவிட்டது. பேச்சில் ரோலர் வேறு மாதிரி வந்தது. ரோலர் வயலில் இறங்கியதாம், இவர் அதன் முன்னால் போய் நின்றாராம். அப்படிச் சொன்னதற்காக ஒரு சால்வையும் போர்த்திக்கொண்டார். டிரைவர் எடுத்து நீட்டியது, பழைய சால்வைதான். இரண்டாவது பாதியில் நேபாளத்துக் கேப்டன் மூன்று பேரைத் தாண்டிக் கொண்டுபோய் ஒரு கோல் போட்டான். அதில்தான் நேபாளம் ஜெயித்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒன்றை நேரில் பார்த்ததில்லை. தலைவர் அப்போது மைதானத்துக்கு முதுகைக் காட்டி ஒரு விருந்தாளியோடு போட்டோவுக்கு நின்றிருந்தார். கூட்டம் கத்தியதும் திரும்பிக் கையை உயர்த்தி எல்லோருக்கும் நன்றி சொன்னார். கடைசியில் கோப்பையை எடுத்து வங்கதேசத்துக் கேப்டன் கையில் கொடுத்தார். அந்தப் பையன் வாங்கி, சிரித்துக்கொண்டே, பக்கத்தில் நின்ற நேபாளத்துக் கேப்டன் கையில் கொடுத்தான். அதுவும் ஏதோ முறை என்று நினைத்து இவர் கை தட்டினார்.

வயலில் எடுத்த அந்தப் போட்டோ பேப்பரில் வந்தது. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். பயிரைக் காக்கப் போட்டியை நிறுத்திய தலைவர், வெளிநாட்டு வீரர்கள் வணங்கினர் என்று கீழே போட்டிருந்தது. படத்தில் நடுவில் இவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார். சுற்றிலும் பையன்கள் தலையைக் குனிந்து குந்தியிருக்கிறார்கள். விஷயம் தெரியாதவருக்கு அப்படித்தான் தெரியும். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். ஆணி அடித்தவன் நான்.

"எப்படி இருக்கு?" என்றார் என்னைப் பார்க்காமல்.

"நேரா இருக்குங்க" என்றேன்.

அந்த வருடம் உளுந்து நன்றாக வந்தது. மேடை போட்ட மூலையும் அவர் நடந்துபோன வழியும் மட்டும் சொட்டையாக இருந்தது. செடி பிடுங்கி, காயவைத்து, அக்கா வீட்டு வாசலில் சாணி தெளித்து மெழுகிய தரையில் போட்டுத் தட்டினோம். தட்டிய உளுந்து கறுப்பாகப் பரந்து கிடந்தது. அக்கா முறத்தால் தூற்றிக்கொண்டிருந்தாள். நான் சாக்குக்கு வாய் பிடிக்கத் தயாராக நின்றேன். அப்போது கார் வந்து நின்றது.

தலைவர் இறங்கினார். அவர் அக்கா வீட்டு வாசலுக்கு வந்தது அதுதான் முதல்முறை. மாட்டுத் தொட்டி அடியில் தண்ணீர் வழிந்து சேறாகக் கிடக்கும். நாங்கள் எல்லோரும் தாண்டி வருவோம். இவர் அதில் இரண்டு காலையும் வைத்து, அது தெரியாமலே, வாசலுக்கு வந்தார்.

"என்னம்மா, உளுந்து எப்படி?"

"பரவாயில்லீங்க."

"பரவாயில்லையா? பேப்பர்லயே வந்த உளுந்தும்மா அது. நான் அன்னிக்கு நிக்கலேன்னா இன்னிக்கு ஏது உளுந்து? சென்னையிலேருந்து ரெண்டு மூணு பெரிய மனுஷங்க வர்றாங்க. நான் காப்பாத்துன உளுந்துல வடை போட்டுக் குடுக்கணும்னு வீட்டுல சொல்லியிருக்கேன். ஒரு மரக்கால் குடு."

நான் அக்காவைப் பார்த்தேன். கொடுத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் கொடுத்திருப்பேன். இது வழக்கத்தில் இல்லாதது. ஒரு வருடம் கொடுத்தால் அடுத்த வருடம் அது குத்தகையில் சேர்ந்துவிடும். அது அவளுக்குத் தெரியாமலா இருக்கும். ஆடியும் அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கும்.

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். மரக்காலை எடுத்து உளுந்துக்குப் பக்கத்தில், தரையில் வைத்தாள். இரண்டு அடி பின்னால் தள்ளி நின்றாள்.

"எடுத்துக்குங்க ஐயா. கீழதான் கெடக்கு."

குரலில் மரியாதை குறையவில்லை. அவர் புரியாமல் நின்றார். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "எடுத்துப் போடுப்பா" என்றார். நான் சாக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் காரைப் பார்த்தார். டிரைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, எதிரே காலியாகக் கிடந்த சாலையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் குனியவில்லை. முட்டி வலி என்றோ, வேட்டி அழுக்காகும் என்றோ ஒன்றும் சொல்லவில்லை. தாடை முன்பைவிடக் கொஞ்சம் மேலே போனது. அவ்வளவுதான். "அப்புறம் ஆள் அனுப்புறேன்" என்று மாட்டுக் கொட்டகைக் கூரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பினார். திரும்பும்போது உளுந்தின் ஓரத்தில் மிதித்து நடந்தார். நெல்லில் நடந்ததுபோலவே, நேராக.

ஆள் யாரும் வரவில்லை. ஆடியில் வயலும் கைமாறவில்லை. யாருக்குக் கொடுப்பது என்று பார்க்கக்கூட அவர் கீழே பார்க்க வேண்டியிருந்திருக்கும். இரண்டு வருடம் கழித்து நிலத்தை வேறொருவருக்கு விற்றுவிட்டுச் சென்னைக்கு மகனிடம் போனார். அந்தச் சட்டம் போட்ட படத்தைச் சுவரிலிருந்து இறக்கிக் கொடுத்தவனும் நான்தான்.

உளுந்து கேட்டு வந்த அன்றைக்கு அவர் காருக்குப் போவதை நானும் அக்காவும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஷூவின் அடியில் சேறு அப்பியிருந்தது. சேறு முழுக்க உளுந்து ஒட்டியிருந்தது. ஒவ்வொரு காலைத் தூக்கும்போதும் கறுப்பாகத் தெரிந்தது. காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா முறத்தைக் கையில் எடுத்தாள்.

"எடுத்துக்கிட்டுத்தான் போறாரு. அவருக்குத்தான் தெரியல" என்றாள்.